சமுதாயக் கல்லூரித் தொழிற்படிப்புகளில் கற்றல் விளைவுகளை மதிப்பிடுவது எப்படி? மலைப்பகுதிப் பயிற்றுநர்களுக்கான முழு வழிகாட்டி

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒரு விடுதி மேலாளரிடம் நம் மாணவியின் மதிப்பெண் பட்டியலை நீட்டினால் அவர் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. "தனியா ஒரு ரூம் செஞ்சு முடிப்பாங்களா சார்?" என்றுதான் கேட்கிறார். ஹவுஸ்கீப்பிங் 72, தகவல் தொடர்பு 65 என்று அச்சான தாளில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பரின்டெண்டும் இதையேதான் கேட்கிறார், டீ ஃபேக்டரி மேனேஜரும் இதையேதான் கேட்கிறார். படிப்பு முடிந்ததும் மாணவரால் எதைச் செய்ய முடியும் (அதைத்தான் கற்றல் விளைவு என்கிறோம்), எவ்வளவு நம்பிச் செய்யவிடலாம் என்று சொல்லத் தெரியாத மதிப்பீடு தொழிற்படிப்புக்கு உதவாது.

உள்ளூர் மக்களுக்கு வேலைக்கான குறுகிய படிப்புகளை நடத்தும் சமுதாயக் கல்லூரிக்கு வருகிறவர்களை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் கூர்மையாகும். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள், பத்தாவதோடு நின்றவர்கள், குழந்தை பெற்று வளர்த்துவிட்டு மறுபடி படிக்க வந்த பெண்கள், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களிலிருந்து முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். ஒரு வருடக் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தெரியாததைத் தெரியும் என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது பெரிய அநியாயம். தெரிந்ததைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதற்குக் குறைந்ததில்லை.

முன்னால் கொஞ்சம் பின்னணி

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் 1995-96இல் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கின. பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தனித் திட்டமே கொண்டுவந்தது. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, அதாவது என்.எஸ்.க்யூ.எஃப்., ஒவ்வொரு தகுதியையும் 'இத்தனை வருடம் படித்தார்' என்பதை வைத்து அளக்காமல் 'இதைச் செய்ய முடியும்' என்பதை வைத்து நிலைகளாகப் பிரித்தது. செயல்முறை, தொழில் அறிவு, தொழில் திறன், அடிப்படைத் திறன், பொறுப்பு என்று ஐந்து கோணங்களில் அந்த நிலைகள் விவரிக்கப்பட்டன. முதலில் 10 நிலைகள் இருந்தன. 2023 திருத்தத்தில் 8 ஆயின. 2018இல் அமைக்கப்பட்ட தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் கவுன்சில், அதாவது என்.சி.வி.இ.டி., இப்போது இதை மேற்பார்வை செய்கிறது.

நமக்கு நேரடியாகப் பயன்படுவது துறைத் திறன் கவுன்சில்கள் வெளியிட்டிருக்கும் வேலைத் தர ஆவணங்கள். ரூம் அட்டென்டன்ட், ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் (நர்சிங் உதவியாளர்) போன்ற ஒவ்வொரு பணிக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் அதில் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது நாடு முழுவதற்கும் எழுதப்பட்டது, மலைக்காக எழுதப்பட்டதில்லை.

படி 1: வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள்

பாடத்திட்டத்தைத் திறப்பதற்கு முன் நான்கைந்து பணியிடங்களுக்குப் போய் அங்கிருக்கும் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "புதுசா வர்றவங்க முதல் மாசத்துல எதுல தடுமாறுறாங்க?" என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால் நீளமான, பொதுவான பட்டியல்தான் வரும். தடுமாற்றத்தைக் கேட்டால் உண்மை வரும்.

அப்படிக் கேட்கும்போது மலைக்கே உரிய விஷயங்கள் மேலே வருகின்றன. மழைக்காலத்தில் அறைச் சுவரிலும் மெத்தையின் அடியிலும் பூஞ்சை பிடிப்பதை முதலிலேயே கண்டுபிடிப்பது. குளிர் தாங்காமல் விருந்தினர் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ அறைக்குள் கொண்டுபோய் கதவைச் சாத்திக்கொள்வதைக் கவனித்து உடனே மேலாளரிடம் சொல்வது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வேலை பார்க்கப் போகும் ரூம் அட்டென்டன்டுக்கு இது படுக்கை விரிப்பதைவிட முக்கியமான திறன் என்பது என் உறுதியான கருத்து.

படி 2: விளைவை, கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்

'அறிந்திருப்பார்', 'புரிந்துகொள்வார்', 'விழிப்புணர்வு பெறுவார்' ஆகிய மூன்றையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒருவர் அறிந்திருப்பதை நாம் பார்க்க முடியாது. செய்வதையும் சொல்வதையும் எழுதுவதையும் மட்டுமே பார்க்க முடியும். ஒரு நல்ல விளைவு வாக்கியத்தில் மூன்று இருக்க வேண்டும்: என்ன செய்வார், எந்தச் சூழலில் செய்வார், எந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

நர்சிங் உதவியாளர் படிப்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 'இரத்த அழுத்தம் அளப்பது பற்றி அறிந்திருப்பார்' என்பது பழைய வாக்கியம். அதை இப்படி மாற்றலாம்:

'டிஜிட்டல் பி.பி. கருவியும் வெவ்வேறு அளவு கஃப்களும் (கையில் சுற்றிக் கட்டும் பட்டைகளும்) கொடுக்கப்பட்டால், மாணவர் நோயாளியை 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, சரியான கஃப்பைத் தேர்ந்தெடுத்து, வெறும் கையில் இதய மட்டத்தில் கட்டி, இரண்டு முறை அளந்து, பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவார். 180/120ஐத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே பொறுப்பு நர்சிடம் சொல்வார்.'

'வெறும் கையில்' என்பதைக் குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். சமவெளியில் இதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே வருகிற ஒவ்வொரு நோயாளியும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அதற்கு மேலேயே கஃப்பைக் கட்டினால் அளவு தவறும். இறுக்கமான ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டால் அது கையை இறுக்கி, அப்போதும் அளவு தவறும். குளிர்கிறது என்று தயங்கும் பாட்டியிடம் பதமாகப் பேசி ஒரு கையை மட்டும் வெளியே எடுக்கச் சொல்லி, சால்வையைப் போர்த்திவிடத் தெரிய வேண்டும். வாசலில் டீ குடித்துவிட்டு நேராக உள்ளே வந்தவரிடம், "டீ குடிச்சு எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்று கேட்கத் தெரிய வேண்டும், டீ, காபி, புகை எதுவானாலும் 30 நிமிட இடைவெளி வேண்டும். இந்த நான்கு வரியில்தான் தொழில் இருக்கிறது.

ஒரு படிப்புக்கு இப்படிப்பட்ட விளைவுகள் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். நாற்பது எழுதினால் எதையும் ஒழுங்காக மதிப்பிட முடியாது.

படி 3: எங்கே கற்பிக்கிறோம், எங்கே பழகுகிறார்கள் என்று வரைபடம் போடுங்கள்

ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் விளைவுகள். மேலே நான்கு கட்டங்கள்: சொல்லிக்கொடுத்த இடம், செய்து பழகிய இடம், திருத்தம் பெற்ற இடம், மதிப்பிடும் இடம். நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் விளைவைத் தேர்வில் கேட்பது நியாயமில்லை. முதலில் அந்தக் கட்டத்தை நிரப்ப வழி பாருங்கள்.

படி 4: விளைவுக்கு ஏற்ற மதிப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்

எழுத்துத் தேர்வு முற்றிலும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளீனிங் ரசாயனங்களை நீரில் கலக்கும் விகிதம், பி.பி. எண்களின் பொருள் போன்றவற்றைத் தாளில் கேட்கலாம். கையால் செய்வதை நேரில் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். தீர்மானம் எடுப்பதை ஒரு சூழலைச் சொல்லி வாய்மொழியாகக் கேட்கலாம். நாள்தோறும் செய்யும் வேலையைப் பயிற்சிப் பதிவேடும் பணியிட சூப்பர்வைசரின் குறிப்பும் காட்டும். ஒரு முக்கியமான விளைவுக்குக் குறைந்தது இரண்டு வகைச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீ ஃபேக்டரிப் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இது. ட்ரஃப்பில், அதாவது கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டும் நீளமான தொட்டியில், வாடவைத்த கொழுந்தைக் கைப்பிடி அளவு எடுத்து உருண்டையாக அழுத்தச் சொல்லுங்கள். நன்றாக வாடிய கொழுந்து கையை விரித்ததும் சட்டென்று நிமிராது; காம்பு ஒடியாமல் வளையும். வாட்டம் போதுமா, இன்னும் எவ்வளவு எடை குறைய வேண்டும் என்று மாணவர் முதலில் சொல்லட்டும். பிறகு, முன்பே எடை போட்டு வலைப்பையில் வைத்த 5 கிலோ கொழுந்தை மறுபடி தராசில் வையுங்கள். மாணவரின் கணிப்புக்கும் தராசுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு குறைவோ, மதிப்பெண் அவ்வளவு கூடுதல். கொழுந்தை நசுக்கிக் கிழித்துத் துகளாக்கும் சி.டி.சி. தேயிலைக்கு ஒரு வாட்டம், இலையைச் சுருட்டித் தயாரிக்கும் ஆர்த்தடாக்ஸுக்கு அதைவிடக் கூடுதல் வாட்டம் வேண்டும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். பத்துப் பக்கம் எழுதவைத்தாலும் இது தரும் தெளிவு கிடைக்காது. பயிற்றுநரின் விருப்பு வெறுப்புக்கும் இதில் இடமில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. நீலகிரி வகுப்பறையில் படுகு பேசுகிறவர், மலையாளம் பேசுகிறவர், கன்னடம் பேசுகிறவர், பணியர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகள் என எல்லோரும் இருப்பார்கள். பி.பி. அளக்கும் திறனைச் சோதிக்கும்போது தமிழ்க் கட்டுரைத் திறனைச் சோதித்துவிடக் கூடாது. வாய்மொழியாகச் சொல்லவிடுங்கள். தேவைப்பட்டால் அவர் மொழி தெரிந்த இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதிவேட்டில் எழுதுவது அந்த வேலையின் பகுதி என்றால் அதில் சலுகை காட்டாதீர்கள். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்து, தனியாக மதிப்பிடுங்கள்.

படி 5: மதிப்பீட்டு அட்டவணை, அதாவது ரூப்ரிக் தயாரியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. அட்டவணையை இரண்டு பகுதியாகப் பிரியுங்கள்.

முதல் பகுதியில் தவறவே கூடாத செயல்கள். இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது, 'செய்தார்' அல்லது 'செய்யவில்லை' மட்டும்தான். ஒன்று தவறினாலும் அந்த விளைவு இன்னும் எட்டப்படவில்லை என்று பொருள். ஹவுஸ்கீப்பிங்குக்கு என் பட்டியல்: கழிப்பறை துடைத்த துணியால் குடிநீர் டம்ளரையோ வாஷ்பேசினையோ தொடக் கூடாது, பிளீச்சையும் ஆசிட் கிளீனரையும் கலக்கக் கூடாது, ஏனென்றால் குளோரின் வாயு வரும், குளிருக்காக ஜன்னல் மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து, கதவைத் தட்டி, தான் யாரென்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், விருந்தினர் விட்டுச்சென்ற பொருளைப் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும்.

எதற்காக இந்தப் பிரிவு? பி.பி. அளக்கும் செயல்முறையை 10 செயல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி ஒன்பதை அருமையாகச் செய்துவிட்டு, 190/124 என்ற அளவை யாரிடமும் சொல்லாமல் பதிவேட்டை மூடி வைக்கிறாள். கூட்டிப் பார்த்தால் 90. வகுப்பில் முதலிடம்கூட வரலாம். வார்டில் அந்த நோயாளியின் கதி என்ன? சராசரி போட்டால் இது மறைந்துவிடும். அதனால்தான் தவறக்கூடாததை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

இரண்டாவது பகுதியில் தரம் கூடிக் குறையக்கூடிய செயல்கள். இவற்றுக்கு நான்கு நிலை போதும். ஒவ்வொரு நிலையையும் 'நன்று', 'பரவாயில்லை' என்று விடாமல், பார்த்தால் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். படுக்கை விரிப்பதற்கு இப்படி:

நிலை 1: விரிப்பு ஒரு பக்கம் தொங்குகிறது, மூலைகள் மடிக்கப்படவில்லை, மறுபடி விரித்தால்தான் அறையை விருந்தினருக்குக் கொடுக்க முடியும்.

நிலை 2: மூலைகள் மடிக்கப்பட்டிருக்கின்றன, ஆனால் நான்கும் ஒரே மாதிரி இல்லை, நடுவில் சுருக்கம் தெரிகிறது. சூப்பர்வைசர் கை வைத்துத் திருத்தினார்.

நிலை 3: நான்கு மூலையும் 45 பாகைச் சாய்வில் மடிக்கப்பட்டிருக்கின்றன, சுருக்கம் இல்லை, தலையணை உறையின் திறந்த பக்கம் வாசலுக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

நிலை 4: நிலை 3இல் உள்ளது எல்லாம் இருக்கிறது, விடுதி வைத்திருக்கும் நேரத்துக்குள் முடிந்தது, மெத்தைப் பாதுகாப்பு உறையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துத் தேவைப்பட்டால் மாற்றினார்.

வேலைக்கு அனுப்ப நிலை 3 வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த அட்டவணையைப் படிப்பின் முதல் வாரத்திலேயே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். எதை வைத்து அளக்கப்போகிறோம் என்பதை ஒளித்து வைக்க நமக்கு உரிமையில்லை. அதை வைத்து அவர்களே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டுப் பழகும்போதுதான் கற்றல் வேகம் எடுக்கிறது.

படி 6: மதிப்பீட்டாளர்களை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஒரே மாணவரை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விதமாகப் போடுவது மனித இயல்பு. கற்றுக்கொடுத்தவர் இளகுவார், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் கறாராக இருப்பார். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒரு மாணவர் வேலை செய்வதை, அவர் சம்மதத்தோடு, செல்போனில் வீடியோ எடுங்கள். இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக அட்டவணையை நிரப்பட்டும். 20 செயல்களில் 17இல் ஒத்துப்போனால் 85 விழுக்காடு. 80க்குக் கீழே போனால் தேர்வு நடத்தாதீர்கள் என்பது என் அறிவுரை. ஒத்துப்போகாதவற்றை எடுத்துப் பேசினால் பெரும்பாலும் அட்டவணையின் சொற்கள் தெளிவில்லாமல் இருப்பது தெரியவரும். சொல்லைத் திருத்திவிட்டு மறுபடி செய்து பாருங்கள்.

டிஜிட்டல் கருவி இல்லாமல் ஸ்டெதாஸ்கோப் வைத்து பி.பி. அளப்பதையும் சொல்லிக்கொடுத்தால், அதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. இரட்டைக் காதுக்குழாய் உள்ள பயிற்சி ஸ்டெதாஸ்கோப்பில் நர்சும் மாணவரும் ஒரே நேரத்தில் கேட்டு, அளவைத் தனித்தனியாக எழுத வேண்டும். 4 மி.மீ. பாதரச அளவுக்குள் வித்தியாசம் இருந்தால் தேர்ச்சி என்று வைக்கலாம்.

படி 7: மலையின் காலண்டரைப் பார்த்துத் தேதி வையுங்கள்

சேரும்போது ஒரு தொடக்கச் சோதனை, நடுவில் மதிப்பெண் இல்லாத சோதனைகள், கடைசியில் இறுதி மதிப்பீடு என்பது எல்லா ஊருக்கும் பொது. தொடக்கச் சோதனையை விட்டுவிடாதீர்கள். பல வருடம் ஃபேக்டரியில் வேலை பார்த்துவிட்டு வருகிற அக்காவுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அங்கீகரிக்க அது ஒன்றுதான் வழி. முடிவில் நாம் எவ்வளவு சேர்த்துக் கொடுத்தோம் என்பதும் அதை வைத்துத்தான் தெரியும்.

தேதிதான் இங்கே சிக்கல். ஏப்ரல், மே சீசனில் விடுதிகள் நம் மாணவர்களை இருகரம் நீட்டி அழைக்கும். மாணவருக்கு அது சிறந்த பயிற்சி. ஆனால் அந்த நேரத்தில் சூப்பர்வைசருக்கு உட்காரவே நேரமிருக்காது. அட்டவணையைக் கொடுத்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி டிக் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். பணியிட மதிப்பீட்டை மார்ச்சிலோ ஜூன் தொடக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர், தேவாலா, பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை கொட்டும். கொடைக்கானல், குன்னூர்ப் பாதைகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவு வரலாம். பஸ் வராததால் தேர்வைத் தவறவிட்ட மாணவரை 'வரவில்லை' என்று எழுதிவிடாமல், மாற்றுத் தேதியை முதலிலேயே அறிவித்துவிடுங்கள்.

படி 8: முடிவை விளைவு வாரியாகப் படியுங்கள்

யார் தேர்ச்சி என்று பார்ப்பதோடு பெரும்பாலான கல்லூரிகள் நிறுத்திவிடுகின்றன. அதே தாள்களைக் குறுக்காகப் படியுங்கள்: ஒவ்வொரு செயலிலும் எத்தனை பேர் தவறினார்கள்? 18 பேர் உள்ள ஒரு வகுப்பில் 16 பேர் கஃப்பைச் சரியாகக் கட்டி, 7 பேர் மட்டும் அதிக அளவை நர்சிடம் தெரிவித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை மாணவரிடம் இல்லை. படி 3இல் போட்ட வரைபடத்துக்குத் திரும்பிப் போனால், 'தெரிவித்தல்' பாடம் வகுப்பில் சொல்லப்பட்டிருக்கும், ஒருமுறைகூடச் செய்து பழகியிருக்க மாட்டார்கள். அடுத்த முறை, பயிற்சிக்கு வரும் பத்து 'நோயாளிகளில்' இரண்டு பேருக்கு அதிக அளவு எழுதிய சீட்டைக் கொடுத்து, மாணவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

நம் வகுப்புகள் சிறியவை. 8 பேரில் 5 பேர் என்று எழுதுங்கள், 62.5 விழுக்காடு என்று எழுதாதீர்கள். ஒருவர் மாறினாலே எண் தலைகீழாகிவிடும்.

படி 9: முடிவை மாணவரிடம் பேசுங்கள்

தேர்வு முடிந்த அன்றோ மறுநாளோ, நிரப்பிய அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். "நீங்களே சொல்லுங்க, எது நல்லா வந்துச்சு?" என்று தொடங்குங்கள். பிறகு அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்றை மட்டும், அதிகம் போனால் இரண்டை மட்டும், சொல்லுங்கள். 'ஃபெயில்' என்று எழுதாமல் 'இன்னும் எட்டவில்லை' என்று எழுதி, மறுமதிப்பீட்டுத் தேதியையும் அதே தாளில் குறியுங்கள். பள்ளியில் ஒருமுறை தோற்றதாலேயே வெளியேறியவர்கள் நம் மாணவர்களில் பலர். அந்தத் தேதி அவர்களை மறுநாளும் வகுப்புக்கு வரவைக்கும். மறுமதிப்பீட்டில் எட்டாத விளைவை மட்டும் வையுங்கள்.

படி 10: ஆறு மாதம் கழித்துப் போன் செய்யுங்கள்

வேலை கிடைத்ததா என்பது ஒரு கேள்வி. கற்றது வேலையில் பயன்படுகிறதா என்பது வேறு கேள்வி. மலையில் சீசன் முடிந்ததும் வேலை போகும். பலர் கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ இறங்கிவிடுவார்கள். குழந்தைக்காகவோ பஸ் வசதி இல்லாததாலோ வீட்டில் இருப்பவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் ஒரே எண்ணில் போட்டுக் கலக்காதீர்கள்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் முன்னாள் மாணவரிடம் மூன்று கேள்வி போதும்: இங்கே கற்றதில் எதைத் தினமும் செய்கிறீர்கள்? எதை அங்கே போய்ப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது? எதை ஒருமுறைகூடச் செய்யவில்லை? அவர் ஒப்புக்கொண்டால் சூப்பர்வைசரிடமும் பேசி, அதே அட்டவணையை மறுபடி நிரப்பித் தரச் சொல்லுங்கள். வகுப்பில் நிலை 3இல் இருந்தவர் பணியிடத்தில் நிலை 2 வாங்கினால், நம் ஆய்வகம் உண்மையான அறையைப் போல இல்லை என்று பொருள்.

இரண்டாவது கேள்விக்கு மூன்று நான்கு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அதை அடுத்த வகுப்பின் விளைவுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது கேள்விக்கு வந்த பதிலை, அது பயிற்றுநருக்குப் பிடித்த பாடமாகவே இருந்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிடத் தயங்காதீர்கள். பாடத்திட்டக் குழு கூடும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்தப் போன் குறிப்புகள் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். கூட்டத்தின் முதல் அஜெண்டாவும் அதுவாகவே இருக்கட்டும்.